சீசாவுக்குள் சிரித்தவளும் பெண் எழுச்சிப் பேரவையும்

பெண் எழுச்சி இலக்கியப் பேரவையிலிருந்து போன் வந்தபோது எழுத்தம்மா ஒரு குழந்தையின் பெயரில் பாதிதான் எழுதியிருந்தாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பேக்கரியில். க்ரீம் பையைப் பிழிந்து கேக்கின் மேல் பெயரும் வாழ்த்தும் எழுதுவது அவள் பொறுப்பு. மற்றவர்கள் எழுதினால் பெயர் நீண்டுபோய் விளிம்பில் தொங்கும். இவள் எழுதினால் அச்சில் வார்த்ததுபோல் நிற்கும். அதனால் முதலாளியிலிருந்து மாவு பிசைகிறவர் வரை எல்லோருக்கும் அவள் எழுத்தம்மா. அவள் ஒரு நாவலும் எழுதி முடித்திருந்தாள் என்பது மட்டும் கடையில் யாருக்கும் தெரியாது. ஊரார் சொன்னதை எழுதித் தருகிற கை தான் நினைத்ததையும் எழுதும் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"எழுத்தாளரோட வீடுங்களா?" என்றது போன்.

"இது கடைங்க. நான்தான் பேசறேன்."

"வாழ்த்துகள்மா. இந்த வருஷத்துப் பெண் விடுதலை நாவல் விருது உங்களுக்குத்தான். போனை உங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுங்க."

"அவர் வேலைக்குப் போயிருக்காரு. என்கிட்டயே சொல்லலாமே."

"சொல்லிட்டோமே. விருது உங்களுக்குன்னு சொல்லியாச்சு. மத்த விவரமெல்லாம் அவர்கிட்டதான் பேசணும். விதி அப்படி."

"என்ன விதிங்க?"

"பெண்களைத் தேவையில்லாம அலைக்கழிக்கக் கூடாதுன்னு ஒரு விதி."

அவள் கணவனின் எண்ணைச் சொன்னாள். பிறகு குழந்தையின் மீதிப் பெயரை எழுதினாள். கேக்குக்குக் காத்திருந்த அப்பா, கடைசி எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறதே என்று கேட்டுவிட்டு வாங்கிப் போனார்.

அந்த நாவல் வந்த வழியைச் சொல்ல வேண்டும். எழுத்தம்மாவின் கணவன் லிப்ட் மெக்கானிக். நல்ல மனிதன், யாராவது நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால் அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவான் என்பது ஒன்றுதான் குறை. அவனுக்கு ஒரு தங்கை. முப்பது தாண்டியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். பாப்பாவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவள் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. விருந்தாளிகள் சூழ உட்கார்ந்து, தன் வாழ்நாளில் தான் யாரையும் கடிந்து பேசியதே இல்லை என்று மாமனார் சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் சிரித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கப் போன இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள்.

திரும்பி வந்தவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலையில் சேர்ந்தாள். வீட்டில் பேச்சே இல்லை. வேடிக்கையாக எதையாவது சொன்னால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். அவளைப் பேச வைப்பதற்காக, காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் எழுத்தம்மா ஒரு கதையை இட்டுக்கட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். அதுதான் நாவலாக வளர்ந்தது.

அந்தக் கதையில் ஒரு ராஜா. கல்யாணமான பெண்களின் குரல் காற்றில் வீணாகிறதே என்று வருத்தப்பட்டு, அவற்றைச் சீசாக்களில் அடைத்து அரண்மனையில் பத்திரப்படுத்துகிறான். சாவி கணவன்மாரிடம் இருக்கும். ராஜாவின் பிறந்தநாளுக்கு மட்டும் மூடிகளைத் திறந்துவிடுவார்கள். குரல்கள் அவன் புகழைப் பாடிவிட்டுத் திரும்பச் சீசாவுக்குள் போய்விடும். ஒருத்தியின் குரல் மட்டும் மூடிய சீசாவுக்குள்ளேயே சிரிக்கிறது. அடக்க முடியாமல் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குரல் சீசாவிலேயே இருந்துவிடுகிறது. அவள் மேல் ஆசைப்படுகிற ஒருவன் இருக்கிறான். கூரை மேய்கிறவன், காது கேளாதவன். ஊரில் அவள் கையால் பேசினால் கையாலேயே பதில் சொல்கிற ஒரே ஆள் அவன்தான். அவள் தனியாக அரண்மனைக்குப் போய் அலமாரிகளை உடைக்கிறாள். குரல்கள் பறவைக் கூட்டம்போலப் பறந்து தங்கள் சொந்தக்காரிகளைத் தேடிப் போகின்றன. செத்துப்போனவர்களின் குரல்கள் போக இடமில்லாமல் மரங்களில் உட்காருகின்றன. காற்றே இல்லாத நாளிலும் மரங்கள் சலசலப்பது அதனால்தான். கூரை மேய்கிறவன் அவள் தொண்டையில் கைவைத்துப் பார்த்துக் குரல் வந்ததைத் தெரிந்துகொண்டு, என்னைக் கட்டிக்கிறாயா என்று கையால் கேட்கிறான். "இரு, முதல்ல பேசி முடிச்சுக்கிறேன், அப்புறம் கேளு" என்கிறாள். அவன் உட்கார்ந்து காத்திருக்கிறான். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். கதை அங்கே முடிகிறது.

அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கேட்ட பிறகு பாப்பா நாவல் முழுவதையும் தானே டைப் அடித்தாள். அவளே பேரவையின் போட்டிக்கு அனுப்பியும் வைத்தாள். அண்ணியிடம் முன்னால் கேட்கவில்லை, அனுப்பிய பிறகுதான் சொன்னாள்.

பேரவை கணவன் மனைவி இருவரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. கட்டடத்தில் லிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 'பெண்கள் தனியாகப் பயணிப்பதைத் தவிர்க்கவும்' என்று அதன் கதவில் எழுதியிருந்தது. கணவன் கூட இருந்ததால் தவிர்க்க வேண்டியிருக்கவில்லை. மேலே, கூடத்துச் சுவர் முழுக்க முந்தைய விருது விழாக்களின் படங்கள். எல்லாப் படத்திலும் கோட்டுப் போட்ட ஆண்கள் வரிசையாக நின்றார்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு முழங்கையோ, ஒரு கைப்பையோ தெரிந்தது. அவர்கள்தான் விருது பெற்றவர்கள் என்று செயலர் விளக்கினார்.

அறையில் தலைவரும் செயலரும், நூல்களைத் திருத்தும் செம்மைக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவனுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். எழுத்தம்மாவுக்கு இல்லை. சுவரோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் 'மகளிர் உறுப்பினர்' என்று பெயர்ப்பலகை. இருக்கையில் ஒரு குடை கிடந்தது.

"அதுல உட்காரலாங்களா?"

தலைவர் பதறிப்போனார். "அது மகளிர் உறுப்பினருக்கான இடம்மா. ரொம்ப வருஷமா காலியா வெச்சிருக்கோம். தகுதியான பெண் இன்னும் கிடைக்கல."

"யாருமே வரலையா?"

"வந்தாங்க. வந்தவங்கள்லாம் கேள்வி கேட்டாங்க."

அவள் நின்றாள். கணவன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுக்கப் பார்த்தான். "நீங்க உட்காருங்க சார், உங்ககிட்டதான் பேசணும்" என்று செயலர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

தலைவர் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளை நகர்த்திய அதே நிதானத்தில் பேசுவார். "தம்பி, உங்க மனைவி எழுதினதால வீட்டு வேலை எதுவும் பாதிக்கலையே?"

"இல்ல சார். சில நாள் நான் சமைச்சிடுவேன்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எழுதிக்குங்க" என்றார் தலைவர் நெகிழ்ந்துபோய். "கணவரின் தியாகம். விருது வாசகத்துல இதைத்தான் முதல்ல போடணும்."

செம்மைக் குழுவின் மூத்தவருக்கு ஒரு சந்தேகம். "குரல் பறக்குதுன்னு எழுதியிருக்காங்க. குரல் எப்படிப் பறக்கும்?"

"ராஜா குரலைச் சீசாவுல அடைக்கிறானே, அது மட்டும் எப்படிங்க முடியும்?" என்றாள் எழுத்தம்மா.

"அது நிர்வாகம்மா. நிர்வாகம் நினைச்சா எதுவும் முடியும். பறக்கிறதுதான் நம்பற மாதிரி இல்ல."

இந்த இடத்தில் எழுத்தம்மாவுக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். பெண்களுக்கான கழிப்பறை பூட்டியிருந்தது. 'பெண்ணே எழு' என்ற இலவச வெளியீடுகளை அதற்குள் அடுக்கி வைத்திருப்பதாகவும், சாவி காவலாளியிடம் இருக்கலாம் என்றும் செயலர் சொன்னார். காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். டீக்கடையில் அவர் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்துப் பெண் இரக்கப்பட்டு உள்ளே விட்டாள். திரும்பி வந்தபோது நேர்காணல் முடிந்திருந்தது. எல்லோரும் அவள் கணவனின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்று லிப்டில் இறங்கும்போது கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒப்பந்தம்னாங்க. வழக்கமான கையெழுத்துதான். போட்டேன்."

"படிச்சீங்களா?"

அவன் லிப்டின் கூரையைப் பார்த்தான். "கேபிள் தேஞ்சிருக்கு. சொல்லணும் இவங்ககிட்ட" என்றான்.

புத்தகம் பார்சலில் வந்தது. பாப்பாதான் வாங்கிப் பிரித்தாள். அட்டையில் கிரீடம் வைத்த ஒரு ஆள் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். தலைப்பு 'மன்னன் தந்த மணிக்குரல்'. கீழே எழுத்தம்மாவின் பெயர். தலைவரின் முன்னுரை, செயலரின் அணிந்துரை, செம்மைக் குழுவின் ஆய்வுரை எல்லாம் தாண்டித்தான் கதைக்குள் போக முடிந்தது. பாப்பா நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். அவள் படித்து முடிக்கும்வரை எழுத்தம்மா எதிரில் நின்றாள்.

பாப்பா புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள். "அண்ணி, நான் திரும்பிப் போயிட்டேனாம்."

"என்ன சொல்ற?"

"மாமனார் கால்ல விழுந்தேனாம். அவர் மன்னிச்சாராம். இனிமே சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணேனாம். ராஜா மனசு இளகி, தினமும் சாயந்திரம் கொஞ்ச நேரம் குரலைக் கடனா தர்றாராம்." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வக்கீல் கடிதத்தைப் படிப்பதுபோலச் சொன்னாள். "கூரை மேயற ஆளே கதையில இல்ல. காது கேட்காத ஆளைக் கதாநாயகனா வெச்சா ஆண்களுக்கு அவமரியாதைன்னு அடிக்குறிப்பு போட்டிருக்காங்க."

எழுத்தம்மாவுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. தன் கதையைக் கெடுத்தது ஒரு பக்கம். நிஜத்தில் இந்தப் பெண்ணை யாராலும் மண்டியிட வைக்க முடியவில்லை. இவள் முகத்தையே பார்த்திராத நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

கணவன் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். "எதுல கையெழுத்து போட்டீங்க?"

"சொன்னேனே, ஒப்பந்தம்னு."

"என் நாவலை எப்படி வேணா மாத்திக்கலாம்னு போட்டிருக்கீங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? பெரிய மனுஷங்க. உட்கார வெச்சு மரியாதையா கேட்டாங்க."

"என்னை நிக்க வெச்சாங்க. நான் நின்னதைப் பார்த்துட்டே கையெழுத்து போட்டீங்க."

அவன் கையிலிருந்த கருவிப் பை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. தங்கை மேசையருகே உட்கார்ந்திருப்பதையும் அட்டையில் மண்டியிட்ட பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். "மன்னிச்சிடு" என்றான் யாரிடம் என்று தெரியாமல்.

"எனக்குக் கோபம் இன்னும் போகல. போனதும் சொல்றேன்."

பாப்பாதான் ஒரு வழி சொன்னாள். வக்கீல் அலுவலகத்தில் வருஷக்கணக்காக டைப் அடித்ததில் அவளுக்குச் சட்டம் கொஞ்சம் விரலில் ஒட்டியிருந்தது. "அண்ணா கையெழுத்து உங்களைக் கட்டாது அண்ணி. கதை உங்களுது. இது செல்லவே செல்லாது."

மறுநாள் எழுத்தம்மா கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேரவைக்குப் போனாள். தனியாகப் போனதால் படியேறிப் போனாள். செம்மைக் குழு கூடியிருந்தது. வேறொரு பெண்ணின் நாவலில் இருந்த சமையலறையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என் கதையைத் திருப்பித் தாங்க. நீங்க வாங்கின கையெழுத்து செல்லாது."

செயலர் சிரித்தார். "செல்லும் செல்லாதுங்கிறதெல்லாம் நீதிமன்றத்துலம்மா. இது பேரவை."

"எதுக்காக மாத்தினீங்க? அதையாவது சொல்லுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டும் என்பது பேரவையின் கொள்கை. "பாரும்மா. பெண் எழணும். அதுல எங்களுக்குள்ள ரெண்டு கருத்தே கிடையாது. ஆனா உங்க கதையில அவ தானா எழறா. அது தப்பான முன்னுதாரணம். எல்லாப் பெண்ணும் தானா எழுந்துட்டா அப்புறம் பேரவை எதுக்கு? நாங்க எங்கே போறது? எங்களுக்கும் குடும்பம் இருக்கு."

"அவ சிரிச்சதுல என்ன தப்பு?"

"சிரிப்புல தப்பில்ல. யாரைப் பார்த்துச் சிரிச்சான்னு தெளிவா இல்ல. படிக்கிறவர் தன்னைப் பார்த்துச் சிரிச்சதா எடுத்துக்கிட்டா? எனக்கே அப்படித்தான் பட்டது."

"எனக்கும்" என்றார் மூத்த உறுப்பினர்.

"நீங்க கோபமா இருக்கீங்கன்னு தெரியுது" என்றார் செயலர். "பேரவையில கோபத்துக்கும் வழி இருக்கு. முன்கூட்டியே எழுதிக் கொடுத்தா மகளிர் உறுப்பினர் பரிசீலிப்பாங்க."

எழுத்தம்மா சுவரோர நாற்காலியைப் பார்த்தாள். குடை இருந்த இடத்தில் இப்போது ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது.

விழாவுக்குப் போக வேண்டாம் என்றாள் பாப்பா. கணவனும் அதையே சொன்னான். "என் பேர் அங்க போகுது. நான் போகாம இருந்தா அது தனியா மாட்டிக்கும்" என்றாள் எழுத்தம்மா. மூன்று பேருமே போனார்கள். பாப்பா டைப் அடித்த கடைசி அத்தியாயம் எழுத்தம்மாவின் பையில் இருந்தது.

அரங்கம் நிறையப் பெண்கள். ஒரு ஆடை ஆலை முதலாளிதான் விழாச் செலவை ஏற்றிருந்தார். அவர் ஆலைப் பெண்கள் பேருந்துகளில் ஏற்றி வரப்பட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் வாசலில் நின்று தலை எண்ணி உள்ளே அனுப்பினார். மேடையில் இரண்டு வரிசை நாற்காலிகளிலும் ஆண்கள். மேடைப் படி செங்குத்தாக இருக்கிறது, பெண்கள் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு என்று முதலிலேயே அறிவித்தார்கள். பெண்களின் பாதுகாப்பை உத்தேசித்துக் கதவுகளையும் சாத்தினார்கள்.

தலைவர் பேசினார். "பெண்ணுக்குச் சுதந்திரம் கொடுத்தது யார்? நாம். ஒரு பொருளைக் கொடுத்தவன், வாங்கியவள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாளா என்று அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டாமா? கொஞ்ச நாள் திருப்பி வாங்கித் துடைத்துக் கொடுக்க வேண்டாமா? அந்தப் பணியைத்தான் பேரவை செய்கிறது. என் மனைவியும் எழுதுகிறவர்தான். நான் இதுவரை படித்ததில்லை. படித்தால் திருத்த வேண்டி வரும். அவர் எழுத்துச் சுதந்திரத்தில் தலையிடக் கூடாது என்பதற்காகவே பிரசுரிக்க விடாமல் வைத்திருக்கிறேன்."

மேடை கைதட்டியது. மேற்பார்வையாளர் கையைக் காட்டியதும் கீழேயும் தட்டினார்கள்.

அடுத்து ஆலை முதலாளி. "என் ஆலையில் பெண் தொழிலாளர்களே கிடையாது" என்று ஆரம்பித்து நிறுத்தினார். அரங்கம் விழித்தது. "எல்லோரும் என் மகள்கள். அதனால்தான் ஓவர்டைம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மகள் கூடக் கொஞ்ச நேரம் வேலை செய்தால் எந்த அப்பாவாவது கணக்குப் பார்ப்பானா?"

அந்த வரிக்கு மேற்பார்வையாளர் கையைக் காட்டியும் யாரும் தட்டவில்லை. நடு வரிசையில் யாரோ செருப்பைத் தரையில் தேய்த்தார்கள். தேய்க்கும் சத்தம் வரிசை வரிசையாகப் பரவியது.

"விருதாளரின் கணவரை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார் செயலர்.

கணவன் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். அவன் மனைவியைப் பார்த்தான். "போங்க. நானும் வரேன்" என்றாள் அவள். படியருகே ஒரு தொண்டர் அவளைத் தடுத்து நிறுத்தினார். கணவன் மட்டும் மேலே போனான். அவன் கையில் ஒரு கனமான கேடயத்தைக் கொடுத்து, மூக்கு வரை உயர்த்திப் பிடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து மைக்கின் முன் நிறுத்தினார்கள். மனைவி சார்பில் அவன் வாசிக்க வேண்டிய ஏற்புரை.

அவன் தாளைப் பார்த்தான். இந்தத் தடவை முழுவதும் படித்தான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"இதை நான் வாசிக்க முடியாதுங்க. எழுதினவங்க கீழ நிக்கிறாங்க" என்று சொல்லி, கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். தொண்டர் திகைத்த நேரத்தில் எழுத்தம்மா படியேறிவிட்டாள். படி செங்குத்தாக இல்லை.

"இந்தப் புத்தகத்துல இருக்கிறது என் கதை இல்ல" என்றாள் மைக்கில். "என் கதையில அந்தப் பொண்ணு யார் கால்லயும் விழல. என் பேரை அட்டையிலிருந்து எடுத்துடுங்க. உண்மையான முடிவை இப்போ படிக்கிறேன்." பையிலிருந்து தாள்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

அலமாரி உடைகிற இடம் வரும்போது மைக் செத்தது. அவள் விடாமல் படித்தாள். முதல் இரண்டு வரிசைக்கு மேல் கேட்கவில்லை. அப்போது அரங்கின் நடுவிலிருந்து பாப்பா எழுந்தாள். டைப் அடித்தவளுக்குத் தாள் வேண்டியிருக்கவில்லை. அண்ணி படிக்கிற வரியையே அவள் அங்கிருந்து உரக்கச் சொன்னாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொன்னதும் அங்கே ஒரு பெண் எழுந்து, பாப்பா சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி.

மேடையில் மைக் மறுபடி உயிர்பெற்றது. தலைவர் அதைப் பற்றிக்கொண்டார். "அமைதி. அமைதி. பெண்கள் அமைதியாக இருந்தால்தான் பெண் எழுச்சி நடக்கும்."

பாப்பா வாக்கியத்தின் நடுவில் நின்றாள். உதட்டை உள்ளே மடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வராத அந்தச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. குனிந்து, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். மேடையில் நின்ற அண்ணன் அணைத்திருந்த கேடயத்தைக் கீழே வைத்துவிட்டான். எழுத்தம்மா படிப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஆலைப் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது கதைக்காக அல்ல. மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்துத் தனித்தனியாகச் சிரித்தார்கள். யாரைப் பார்த்து என்பது இந்தத் தடவை தெளிவாகவே இருந்தது.

ஆலை முதலாளி எழுந்து, சிரிக்கிற மகள்களின் பெயரைக் குறித்துக்கொள்ளும்படி மேற்பார்வையாளரிடம் சொன்னார். அது மைக்கில் விழுந்துவிட்டது. சிரிப்பு நின்றது. ஒரு பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். கதவுகளைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனார்கள்.

வெளியே பேருந்துகள் இல்லை. விழா முடியுமுன் வெளியேறியவர்களுக்குப் போக்குவரத்து வசதி கிடையாது என்று அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண்கள் நடைபாதையில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். கொஞ்சம் வயதான ஒரு தொழிலாளி எழுத்தம்மாவிடம் வந்தாள்.

"அந்தச் செத்துப்போனவங்க குரலெல்லாம் என்னாச்சுன்னு சொல்லலையே."

எழுத்தம்மா நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்து மீதியைப் படித்தாள். அவள் கணவன் சாலையில் நின்று வண்டி ஏதாவது கிடைக்குமா என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். கேடயத்தை மேடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். கதை முடிந்ததும் அந்தத் தொழிலாளி கேட்டாள். "அவன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானா?"

"உட்கார்ந்திருந்தான்."

"நல்ல ஆள்தான். ஆனா இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்றாள்.

இது நடந்ததால் உலகம் மாறிவிடவில்லை. ஆலையில் சில பெண்களுக்கு வேலை போனது. மற்றவர்கள் அவர்களுக்காகத் தையல் இயந்திரங்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது. வேலை போனவர்களின் வழக்குத் தாள்களைப் பாப்பாதான் டைப் அடிக்கிறாள். வேலை முடிந்து வந்தால் வாயாடுகிறாள். கணவன் எங்கே போனாலும் மனைவி உட்கார்ந்த பிறகுதான் உட்காருகிறான். கோபம் போய்விட்டதா என்று அவ்வப்போது கேட்கிறான். பாதி போய்விட்டது என்று எழுத்தம்மா சொல்லியிருக்கிறாள். அவள் நாவலை, அவள் வைத்த 'சீசாவுக்குள் சிரித்தவள்' என்ற பெயரிலேயே ஒரு சின்ன அச்சகம் போட்டது. ஆலைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்ததில் பல பிரதிகளுக்கு அட்டை கிழிந்துவிட்டது.

'மன்னன் தந்த மணிக்குரல்' அட்டையிலிருந்து பேரவை அவள் பெயரை நீக்கியது. அந்த இடத்தில் 'செம்மைக் குழு' என்று போட்டுக்கொண்டது. பெண் மனதை உள்ளிருந்து எழுதிய நூல் என்று அதற்கே பேரவை ஒரு சிறப்பு விருதும் கொடுத்தது. செம்மைக் குழுவின் மனைவிமார் வராததால் குழுவே போய் வாங்கிக்கொண்டது.

அரங்கில் நடந்ததை ஆராய ஆண்கள் மட்டுமே கொண்ட ஒரு விசாரணைக் குழுவும் போட்டார்கள். பெண்களிடம் விசாரித்தால் அவர்கள் மனம் புண்படும் என்பதால் பெண்கள் யாரையும் அது விசாரிக்கவில்லை. அதன் அறிக்கை செய்தித்தாளில் வந்தது. பாப்பா அதை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கே வந்து, கண்ணாடி அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்று படித்துக் காட்டினாள். மைக்கில் குறையில்லை. பேச்சாளர்களிடம் குறையில்லை. அரங்கின் கதவுகள் உள்ளிருந்து திறக்கும்படி இருந்ததே எல்லாவற்றுக்கும் காரணம். பெண்களின் பாதுகாப்புக் கருதி, அடுத்த ஆண்டு முதல் கதவுகள் வெளியிலிருந்து மட்டும் திறக்கும்படி மாற்றப்படும்.

"இனிமே அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க வேணாம் அண்ணி" என்றாள் பாப்பா.

எழுத்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு செய்தித்தாளை வாங்கி அந்த வரியை மறுபடி ஒரு தடவை படித்தாள்.

"போகணும் பாப்பா. உள்ள பொண்ணுங்களை அடைச்சிருப்பாங்க. கதவு வெளியில இருந்துதான் திறக்குமாம். நாம வெளியில நிப்போம்."